சூப்பு உணவா, பானமா? ‘பருகுணவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

வணக்கம்.

சூப்பை உணவில் சேர்ப்பதா பானத்தில் சேர்ப்பதா, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் மடல்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘சாறு’ என்றே போட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் வந்த யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. சாறு என்றதும் பிழிந்தெடுத்ததுதான் நினைவுக்கு வருகிறது, பழச்சாறு அந்தச் சொல்லை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. ‘வடிசாறு’ தெளிந்த சூப்புக்குச் சரி, காய்த்துண்டுகள் மிதக்கும் சூப்பில் எதை வடிப்பது?

உணவா பானமா என்ற கேள்வியே தமிழில் நிற்காது என்பது என் கருத்து. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு நூற்பா; வெவ்வேறு வினைகளுக்குரிய பொருள்களைப் பொதுவாகக் குறிக்கும் சொல்லுக்கு அவற்றில் ஒன்றன் வினையை மட்டும் கொடுக்க மாட்டார்கள் என்பது பொருள். உரைகாரர்கள் அதற்குக் காட்டுவது அடிசில், அதாவது உணவு. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எல்லாமே அடிசிலில் அடங்குவதால் ‘அடிசில் உண்டார்’ என்று ஒரு வினைக்குள் அடைக்காமல் ‘அயின்றார்’ என்று பொதுவினை கொடுக்கச் சொல்கிறார்கள். ஆக, குடிப்பதாலேயே ஒன்று உணவுக்கு வெளியே போய்விடாது.

சர்வதேச உணவுத் தரங்களான கோடெக்ஸின் வகைப்பாட்டிலும் சூப்பு பானத்தில் சேரவில்லை: பானங்கள் 14ஆம் பிரிவு, சூப்பு 12.5. சுங்கக் குறியீட்டில் சூப்புக்கு 2104, பானங்களுக்கோ 22ஆம் அத்தியாயம்.

உணவையும் பானத்தையும் கெட்டித்தன்மையை வைத்துப் பிரிக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விழுங்கச் சிரமப்படுவோருக்கான ஐடிடிஎஸ்ஐ அளவுகோலைப் பாருங்கள்: கெட்டித்தன்மை கூடக்கூட 0 முதல் 7 வரை நிலைகள், பானங்கள் 0–4, உணவுகள் 3–7, ஆக 3ம் 4ம் இரண்டுக்கும் பொது. நீர்மத்தை 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, அடியில் பிடித்த விரலை எடுத்து, 10 நொடி ஒழுகவிட்டு மீதியை அளப்பார்கள். தெளிந்த சூப்பு மொத்தமும் இறங்கிவிடும், நன்றாகக் கெட்டியாக அரைத்தது அப்படியே நிற்கும். மாவு சேர்த்த சூப்பு ஆறினாலே இறுகும், அதற்காக ஆற ஆறப் பெயரை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால் வகைக்குப் ‘பருகுணவு’ என்று வைப்போம், பதார்த்தத்தின் பெயர் சூப்பாகவே இருக்கட்டும், அதை மாற்றினால் யாருக்கும் புரியாது. பாலும் பழச்சாறும் இதில் வருமா என்று கேட்பீர்கள். சாப்பாட்டில் ஒரு பதார்த்தமாகப் பரிமாறும் நீர்ம உணவு என்று வரையறுத்தால் அவை பானத்திலேயே நிற்கும். ‘சமைத்த’ என்று சேர்க்க வேண்டாம், அடுப்பில் ஏற்றாத குளிர்ந்த சூப்புகளும் உண்டு.

அப்புறம், சேர்த்தே எழுதுவோம். ‘பருகு உணவு’ என்று பிரித்தால் உணவைக் குடி என்று ஏவுவது போலப் படிக்கிறது.