உண்ணிச்செடி வெட்ட வெட்டத் துளிர்க்கிறது, என்ன செய்வது?

சோலைமைந்தன்:
நீலகிரியில் கூடலூர் பக்கம், ஊர்ப் பொதுநிலம் 3 ஏக்கர் முழுக்க உண்ணிச்செடி (லேன்டானா முட்புதர்). ஞாயிறுதோறும் 20 தன்னார்வலர்கள் வருகிறார்கள். போன வருடம் அரிவாளால் தரையோடு வெட்டினோம். மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்ந்துவிட்டது. ஜேசிபி விடலாமா, களைக்கொல்லி அடிக்கலாமா?

புல்மேடு:
இரண்டுமே வேண்டாம். ஜேசிபி மண்ணைப் புரட்டினால் உள்ளே கிடக்கும் விதைகளெல்லாம் வெளிச்சம் கண்டு முளைக்கும். களைக்கொல்லி பக்கத்துப் புல்லையும் கொல்லக்கூடும்.

தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் மொட்டுகள் உறங்குகின்றன. அதற்கு மேலே வெட்டினால் ஒரு தண்டுக்கு ஐந்து தண்டு வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறை இதற்குச் சரி. புதருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், முள் முகத்தில் அடிக்காது. குந்தாலியால் அந்தச் சேருமிடத்துக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டுங்கள். முழு வேரையும் தோண்டத் தேவையில்லை. பிறகு புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்க வையுங்கள். சாய்த்துப் போட்டால் ஈரமண்ணில் பட்ட இடத்தில் மறுபடி வேர் பிடிக்கும். பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

காய் பழுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காய்ந்த குவியலுக்குத் தீ வைக்காதீர்கள். தீ பட்ட நிலத்தில் முதலில் எழுவதே உண்ணிதான்.

கரட்டுவழி:
வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. பழம் தின்ற சின்னான் குருவிகள் உட்காரும் மரங்களின் அடியில் முதல் மழையோடு நாற்றுகள் கூட்டமாக வரும். மண் ஈரமாக, நாற்று கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். இதை இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்ய வேண்டும். அதனால் 3 ஏக்கரையும் ஒரே வருடத்தில் தொடாதீர்கள். அரை ஏக்கர் எடுத்து முடியுங்கள். சிறு பறவைகள் ஒளிய நடுவில் சில புதர்த் திட்டுகளை இப்போதைக்கு விட்டுவைக்கலாம்.

வெற்று மண்ணாக விட்டால் உண்ணி திரும்பும். அதே மலையில் முற்றிய புற்கதிர்களைச் சேகரித்து மழைக்கு முன் தூவுங்கள். கடையில் விற்கும் தீவனப்புல் விதை வேண்டாம். புல் வேர் பிடிக்கும்வரை மாடு விடக்கூடாது. வெட்டிப்போட்ட பச்சை இலையைத் தின்றாலும் மாட்டுக்கு ஆபத்து: கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும்.

ஓடைக்கரை:
நிலம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஒரு செடியைத் தொடவும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். காலை 9 மணிக்கு முன் இறங்க வேண்டாம். புதருக்குள் கரடியோ காட்டுப்பன்றியோ படுத்திருக்கலாம். சத்தம் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து நுழையுங்கள்.

நேரான தண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டில்தான் நிஜ யானை அளவில் யானைச் சிலைகள் செய்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

சோலைமைந்தன்:
நன்றி. 20 பேருக்கு எத்தனை குந்தாலி வேண்டும்?

புல்மேடு:
பத்து. ஒருவர் வெட்ட, இன்னொருவர் தோல் கையுறை போட்டுத் தண்டுகளை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். இருவரும் மாறி மாறிச் செய்யுங்கள், முதுகு தாங்காது.