ஜவ்வரிசிக்குப் பேரை மாத்தணுமா?

ராசிபுரத்தான்:
பாக்கெட்டில் “குச்சிக்கிழங்கு முத்து” என்றுதானுங்க அச்சடிக்கணும், மரவள்ளியைத்தான் எங்க பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். மலாய்ப் பக்கம் சேகோ பனையின் தண்டுச்சோற்றில் எடுத்த மாவை உருட்டி அனுப்பிய சரக்கின் பேர்தான் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போரில் வரத்து நின்றபோது சேலத்தில் கிழங்கு மாவில் செய்ய ஆரம்பித்தார்கள். பனை போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

ஆத்தூர் களம்:
அரிசின்னா நெல்லரிசி மட்டுமாங்க? கம்பரிசி, தினையரிசி, மூங்கிலரிசி, ஏலரிசி எல்லாம் தப்பா? ஜாவா அரிசி என்பாரும் உண்டு, வெந்தால் சவ்வாகிற சவ்வரிசி என்பாரும் உண்டு. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தாச்சு. இப்பப் போய் மாத்துவதா?

ராசிபுரத்தான்:
நீங்க சொன்ன அத்தனையும் உமியோ தோலோ நீக்கிய விதை. ஜவ்வரிசி விதையே இல்லீங்க. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைக்கிறார்கள். பாலைச் சல்லடையில் வடித்துத் திப்பியைப் பிரித்து, தொட்டியில் மாவு படிய விடுகிறார்கள். அந்த ஈர மாவைக் குலுக்கிக் குருணையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. அரிசியில் 6–7 சதவீதம் புரதம். இதில் ஒன்றுகூடத் தேறாது. அரிசிக்கஞ்சிக்குச் சமம் என்று நம்பித் தினமும் குழந்தைக்கு இதையே ஊட்டினால் உடம்பு எப்படித் தேறும்?

மாவுச்சோதனை:
அதைவிடப் பெரிய கேடு ஒண்ணு இருக்குதுங்க. எதில் செய்தது என்று இந்தப் பேர் சொல்லாததால் மக்காச்சோள மாவைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும்: மக்காச்சோள மாவுத் துகள் மூலை மூலையாக இருக்கும், கிழங்கு மாவு உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டினதுபோல இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதி பனை மாவு, மரவள்ளி மாவு இரண்டை மட்டும்தான் ஜவ்வரிசி என்று ஒப்புக்கொள்கிறது. கலப்பு கூடினால் ஆலைக்குக் கிழங்கு குறைவாகப் போதும். பத்து மாசம் காட்டில் வைத்து, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) பார்த்து விற்கிற விவசாயிக்குத்தான் அடி.

ஆத்தூர் களம்:
கலப்படம்னா நானும் உங்க பக்கம்தானுங்க. ஆனா மாத்த வேண்டிய பேர் “நைலான் ஜவ்வரிசி”. பிளாஸ்டிக் என்று பயந்து வாங்காமல் போகிறார்கள். குருணையை வறுக்காமல் ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது, அதனால்தான் கண்ணாடி மாதிரி இருக்குது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் அது. கிச்சடிக்கு, ஆலையில் வறுத்துச் செய்த மாவு ஜவ்வரிசிதான் வேணும்: கழுவி, மட்டமாக முங்கும் அளவு தண்ணீரில் 4–5 மணி நேரம் ஊறணும், விரலில் நசுக்கினால் மாவாகணும். தண்ணீர் கூடினால் வாணலியில் களியாகிவிடும். நைலானை அப்படியே ஊறவைத்துப் போட்டால் நடுவில் கடுக்கென்று நிற்கும்.

ராசிபுரத்தான்:
அப்ப “ஆவி ஜவ்வரிசி”ன்னே போடுங்க, ஒத்துக்கறேன். ஆனா “குச்சிக்கிழங்கு மாவில் செய்தது” என்ற வரி பின்பக்கம் பொடியெழுத்தில் வேண்டாம். முன்பக்கம், பேருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில்.