பொது வானொலியில் நாதஸ்வரமும் தவிலும்: வாரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்பது அதிகமா?

அளவெட்டி ரசிகன்
போன வெள்ளி இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னம், சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு றேடியோவைத் திருப்பினேன். தோடி இராகம், நாதஸ்வரம். யார் வாசிக்கிறார் என்று தெரியாது, ஆனால் தேர்ந்த கை, காந்தாரத்தை விடாமல் பிடித்து அசைத்து அசைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுகிறேன், மேல் சட்ஜத்தைத் தொடப்போகிற நேரம் படக்கென்று நின்றது. நகைக்கடை விளம்பரம். அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு. தோடி திரும்பி வரவேயில்லை. எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை, இது ஒரு இடத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

பொதுப் பணத்தில் நடக்கிற எந்த வானொலியிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு மணித்தியாலம் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளக் கச்சேரிக்கு வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது. நாதஸ்வரம் யார், தவில் யார், என்ன இராகம், எந்த ஊரில் எப்போது பதிந்தது என்று அறிவிப்பாளர் சொல்ல வேண்டும். தவில் என்றால் உலகமே யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று சொல்லும். 1933இல் பிறந்து 1975இல் போய்விட்டார். விவரம் தெரிந்த வயதில் அவரை நேரில் கேட்டவர்கள் இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள். மற்ற எல்லாருக்கும் அவர் ஒலிப்பதிவில் மட்டும்தான் இருக்கிறார், அந்தப் பதிவும் பெயர் சொல்லாமல் ஒலிபரப்பானால் அவர் இல்லை என்றே ஆகிவிடும்.

சுன்னாகம் சந்தி
அண்ணை, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் எனக்குச் சைக்கிள் திருத்துகிற கடை, காலை ஏழரைக்குப் போட்ட றேடியோ இரவு ஏழு வரைக்கும் ஓடும். கேட்கிறது நான், இரண்டு பெடியள், ரியூப் ஒட்ட வருகிற சனம். மேளம் வந்தால் அஞ்சு நிமிசத்தில் யாராவது "மாத்துங்கோ" என்பார்கள். அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தானே, பொதுப் பணம் என்றால் அவர்களின் பணமும்தான். தனியே உட்கார்ந்து கச்சேரி கேட்க விரும்புகிறவருக்கு யூடியூப் இருக்கிறது, தெட்சணாமூர்த்தியும் அங்கே இருக்கிறார், விளம்பரம் வந்தாலும் தள்ளிவிடலாம்.

இன்னொன்று, தரம் தரம் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே கதை இருக்கிறது. 1952இல் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார், சினிமாப் பாட்டு மட்டமானது என்று அகில இந்திய வானொலியில் நிறுத்தினார்கள். சனம் என்ன செய்தது? றேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பியது. கடல் தாண்டி, தமிழில் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்கும் ஹிந்தியில் அமீன் சயானியின் குரலுக்கும் காத்திருந்தார்கள். கடைசியில் 1957 ஒக்டோபரில் விவித பாரதி என்று தனியாகத் தொடங்கிப் பாட்டை அவர்களே போட வேண்டி வந்தது. கதவைச் சாத்தினவருக்கு நட்டம், திறந்து வைத்தவருக்கு இலாபம், அந்த இலாபம் வந்தது எங்கள் கொழும்புக்கு.

அளவெட்டி ரசிகன்
தம்பி, கேஸ்கர் கதை சரி, ஆனால் அரைவாசியைத்தான் சொன்னீர்கள். அதே 1952இல்தான் அகில இந்திய வானொலி தேசிய சங்கீத நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெரிய வித்துவான்களின் நீண்ட கச்சேரி, நாடு முழுக்க ஒரே நேரத்தில். பாட்டை மறித்தது பிழை, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. சினிமாப் பாட்டை நிறுத்து என்று நான் எங்கே எழுதினேன்? வாரத்தில் 168 மணித்தியாலம் இருக்கிறது, அதில் ஒன்று கேட்கிறேன்.

யூடியூப் பற்றி. அங்கே பெயர் தெரிந்தால்தான் தேடலாம். எனக்குத் தெட்சணாமூர்த்தி என்ற பெயர் எப்படித் தெரிய வந்தது தெரியுமா? 1990இல் யுத்தத்தால் கரண்ட் போன பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுத்திச் சுத்தி றேடியோ கேட்ட காலம். நானும் தம்பியும் மாறி மாறிச் சுத்துவோம். ஒரு நாள் திருச்சி வானொலியில் தவில், அறிவிப்பாளர் "யாழ்ப்பாணம்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னார். வயர் கொழுவின றேடியோவுக்குள்ளே இருந்து, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எங்கள் ஊர்ப் பெயர். நான் தேடவில்லை. வந்தது.

சுன்னாகம் சந்தி
டைனமோ சுத்தின கதையை எனக்கே சொல்கிறீர்களே அண்ணை, என் அப்பா எத்தனை பேருக்கு அந்த வயரைக் கொழுவிக் கொடுத்தார். ஆனால் சனம் சுத்தினது செய்திக்கு. பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் வானொலி. எங்கே குண்டு விழுந்தது, குடாநாட்டை விட்டு வெளியே போகிற கிளாலிக் கடல் பாதை திறந்திருக்கிறதா, இதுதான். செய்தி முடிந்தால் கை நோகுது என்று விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் தோடிக்காக யாரும் பெடல் சுத்தவில்லை.

அளவெட்டி ரசிகன்
எங்கள் அப்பா செய்தி முடிந்த பிறகும் சுத்தச் சொன்னார். அதுதான் வித்தியாசம், வேறொன்றும் இல்லை.

மருதனார்மடம் மாணவி
வணக்கம், நான் வாய்ப்பாட்டு படிக்கிறேன். இரண்டு பேரும் மேடையையும் கடையையும் பற்றிக் கதைக்கிறீர்கள், ஒலிபரப்புக் கூடத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நாதஸ்வரமும் தவிலும் கோவில் வீதிக்குச் செய்த வாத்தியங்கள். சின்ன அறையில் மைக்கைக் கிட்ட வைத்துப் பதிந்தால் தவிலின் வலப்பக்கமான வலந்தலை பிளக்கும், இடப்பக்கமான தொப்பி கேட்கவே கேட்காது. தள்ளி வைத்து, அறையின் எதிரொலியையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும், அதற்கு வாத்தியம் தெரிந்த ஒலிப்பதிவாளர் வேண்டும். அடுத்தது, பண்பலை நிலையங்கள் சத்தத்தை அமுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருகிற கருவி வழியாகத்தான் எல்லாவற்றையும் அனுப்புகின்றன, ஓட்டோவுக்குள்ளும் கடைக்குள்ளும் பாட்டு எடுப்பாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தும். ஆலாபனையில் வித்துவான் தேய்ந்து தேய்ந்து மெல்லிசாக இறங்குகிற இடத்தை அது தூக்கி விடுகிறது, தவில் தனியே வாசிக்கிற தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகிற இடத்தை அமத்தி விடுகிறது. அண்ணா, உங்கள் கடையில் மேளம் இரைச்சலாக இருப்பதற்குக் காரணத்தில் பாதி இதுவாக இருக்கலாம். சனத்துக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட முதல் ஒழுங்காகக் கேட்க விட்டோமா என்று பாருங்கள்.

பழைய பதிவை மட்டும் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வட இலங்கைச் சங்கீத சபை 1931இலிருந்து இருக்கிறது, அதன் பரீட்சையில் ஆசிரியர் தரம் வரைக்கும் ஏறி வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் இருக்கிறார்கள். இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாகிவிட்ட இடத்திலிருந்து பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். அதற்குப் பிறகு எங்கே பாடுவது? திருவிழாவில் ஒரு பொழுது, கலியாண வீட்டில் ஒரு பொழுது, அவ்வளவுதான். வானொலி ஒரு கூடத்தையும் சன்மானத்தையும் தந்தால்தான் கலைஞர் வளர்வார். பாடகரும் இலங்கை வானொலிக்காரருமான எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் உள்ளே இருந்து கதவைத் திறந்து விட்டதால்தான் ஈழத்து மெல்லிசை என்று ஒன்று வந்தது. நேயர் விருப்பத்தால் வரவில்லை, அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்றே நேயருக்கு அப்போது தெரியாது.

பாசையூர்க் கடல்
தங்கச்சி சொல்கிற தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனால் "தரம்" என்ற சொல்லை நீங்கள் எல்லாரும் சங்கீதத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அதுதான் எனக்குக் கோபம். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் தென்மோடி என்கிற பாணிக் கூத்து இருக்கிறது. மத்தளமும் தாளமுமாக விடிய விடிய. கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாருக்கு எத்தனை மெட்டு மனப்பாடம் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். அதைக் "கிராமிய நிகழ்ச்சி" என்று பதினைந்து நிமிசத்துக்குள் தள்ளுகிறார்கள். சாவீட்டுப் பறை எந்தப் பட்டியலில் வரும்? நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடக்கிற அநியாயத்தை எழுதுகிறவர்கள் பறைக்கு நடக்கிறதை ஏன் எழுதுவதில்லை?

தரம் என்று வகுத்தவர்கள் எவ்வளவு பிழை விட்டிருக்கிறார்கள் என்பதற்கு நானும் ஒன்று சொல்கிறேன். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தது, சுருதி இறுக்கம், சுரத்தை அசைக்கிற கமகம் வராது என்று. 30 வருசத்துக்கு மேல் அந்தத் தடை. ஆர்மோனியம் இல்லாத இசை நாடகத்தை நினைத்துப் பாருங்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் இசை நாடகத்தைக் கேட்டு அழுத சனம் தரம் தெரியாத சனமா?

அளவெட்டி ரசிகன்
இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, நீங்கள் சொல்வது உண்மை. நான் "மேளம்" என்று எழுதினது நான் பிறந்த ஊர் அப்படி என்பதால். கூத்துக்கும் அதே ஒரு மணித்தியாலம், அதே மரியாதை. பறைக்கும். வெட்டாமல், பெயர் சொல்லி.

ஹரோ வாசி
நான் இங்கே இலண்டனில் இருப்பதால் ஒன்று சொல்லலாம், இங்கேயும் இதே சண்டைதான். பிபிசி 1946இல் சாஸ்திரிய இசைக்கும் கலைகளுக்குமாகத் தேர்ட் புரோகிராம் என்று தொடங்கியது, 1967இல் அது றேடியோ 3 ஆனது. வாரத்துக்குச் சுமார் 20 இலட்சம் பேர்தான் கேட்கிறார்கள், நாட்டில் இருப்பதோ ஆறு கோடிக்கு மேல். ஆனாலும் மூடவில்லை, எல்லாரும் கட்டுகிற உரிமக் கட்டணத்தில்தான் நடத்துகிறார்கள். 1992இல் கிளாசிக் எஃப்.எம். என்று தனியார் வந்து, இனிப்பான துண்டுகளைப் போட்டுக் கூட்டத்தைச் சேர்த்தது. அதிலிருந்து றேடியோ 3 அவர்களைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறது, காலையில் ஒரு சிம்பொனியில் ஒரு பகுதியை மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறது என்று பழைய நேயர்கள் விடாமல் எழுதுகிறார்கள். 2019இல் லேட் ஜங்ஷன் என்ற நிகழ்ச்சியை, எங்கும் கேட்காத இசையாகத் தேடிப் போடுவார்கள், வாரத்தில் மூன்று இரவிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள், இசைக்கலைஞர்களே கூட்டாகக் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். முழுதாகத் திரும்பி வரவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் வாய் திறந்ததால்தான் அது சத்தமில்லாமல் நடந்து முடியவில்லை என்று நினைக்கிறேன்.

சுன்னாகம் சந்தி
அங்கே காசு இருக்கிறது ஐயா, சொந்த இசைக்குழுக்களே வைத்திருக்கிறார்கள். இங்கே விளம்பரம் இல்லாவிட்டால் அறிவிப்பாளருக்குச் சம்பளம் எங்கேயிருந்து வரும்? நகைக்கடை காசு கொடுத்தது, அவர்களுடைய நேரத்துக்கு அவர்களின் விளம்பரம் போகத்தானே வேண்டும்.

அளவெட்டி ரசிகன்
போகட்டும். கச்சேரி தொடங்க முதல் போகட்டும், முடிந்த பிறகு போகட்டும். உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவில் கூடப் போகட்டும். ஆலாபனையின் நடுவில் வேண்டாம்.

கேட்க எங்களுக்கு உரிமை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியபோது, அதில் பங்குபற்றி வந்த ஒரு நேயர் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1996இல் தீர்ப்பு. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அப்படி நிறுத்தியது அந்த நேயரின் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தை மீறியது என்று எழுதினார். ஒரு தனி மனிதர், ஒரு றேடியோ நிகழ்ச்சிக்காக, இந்த நாட்டில். அது இசை நிகழ்ச்சி இல்லை என்பது தெரியும். ஆனால் கேட்டுப் பங்குபற்றுகிறவனும் ஒலிபரப்பில் பங்காளி என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, நாங்கள் ஒரு கடிதம் எழுதக் கூடப் பயப்படுகிறோமே.

சுன்னாகம் சந்தி
அந்த வழக்கு எனக்குத் தெரியாது. சரி, பெயர் சொல்ல வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். வாசித்தவனின் பெயரைச் சொல்லாமல் வாசிப்பைப் போடுவது களவு மாதிரித்தான், சினிமாப் பாட்டுக்கும் இசையமைத்தவர் பெயர் வர வேண்டும். ஆனால் பின்னேரம் நாலிலிருந்து ஏழு வரை மேளம் என்றால் சம்மதிக்க மாட்டேன், அது வேலை செய்கிற சனத்தின் நேரம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போடட்டும். என் கடை ஞாயிறும் திறப்புத்தான், மாத்தாமல் முழுதாக விடுகிறேன், சனம் என்ன சொல்கிறது என்று உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

மருதனார்மடம் மாணவி
ஞாயிறு பத்து மணி நல்ல நேரம் இல்லை அண்ணா, பிள்ளைகள் எல்லாம் ரியூசனில் இருப்பார்கள். இரவு எட்டரை.

பாசையூர்க் கடல்
எட்டரைக்கு எங்கள் ஆட்கள் கடலுக்கு இறங்கிவிடுவார்கள். ஆனால் போனில் கேட்பார்கள், வள்ளத்தில் பாட்டு இல்லாமல் யாரும் போவதில்லை. எட்டரை என்றே கடிதத்தில் போடுங்கள், கூத்தையும் சேர்த்து.

அளவெட்டி ரசிகன்
கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். சுன்னாகம் தம்பி, நீங்கள் ஒப்பம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, நேரத்தைப் பற்றிய உங்கள் மறுப்பையும் அப்படியே அதில் சேர்க்கிறேன். அப்புறம் ஒன்று, போன வெள்ளி இரவு பத்துக்குச் சற்று முன் அந்தத் தோடியை வாசித்தவர் யாரென்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். இன்னும் காதுக்குள்ளே நிற்கிறது.