பேட்டரியா, ஹைபிரிட்டா, வெறும் டயரா? டர்பன் தொழிற்சாலை முதலில் எதில் கை வைக்கணும்?

வெருலம் வாசகி:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் புராஸ்பெக்டனில் டொயோட்டா கட்டும் கொரொல்லா கிராஸ் ஹைபிரிட்டுக்கு 100 கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர் என்று கம்பெனி போட்டிருக்கிறது. அதே கார் சாதா 1.8 பெட்ரோலில் 6.8. அப்படியானால் எல்லா வண்டியையும் ஹைபிரிட் ஆக்கிவிட்டால் போதாதா? மின்சாரக் கார் என்று எதற்கு இவ்வளவு கூச்சல்? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். விளம்பரப் பேச்சு வேண்டாம்.

பிஸ்டன்:
முதலில் லிட்டரைக் கிராமாக்கிக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் என்றால் 2.68 கிலோ. ஆக 6.8 லிட்டர் என்பது கி.மீ.க்கு 157 கிராம், 4.3 லிட்டர் என்பது 99 கிராம்.

இந்த 58 கிராம் மிச்சம் முழுவதும் பேட்டரியால் வந்ததில்லை. எஞ்சினிலேயே பாதி வேலை நடக்கிறது. உறிஞ்சு வால்வைத் தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளிவிடுகிறார்கள். அதனால் அழுத்துவது குறைவு, எரிந்தபின் விரிவது முழு 13:1. இதுதான் அட்கின்சன் சுழற்சி. எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதம் வரை வேலையாக மாறுகிறது. விலை என்ன? இழுவை போய்விடும். 1.8 லிட்டர் எஞ்சின் 72 கிலோவாட்தான் தருகிறது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. மோட்டார் இல்லாமல் இந்த எஞ்சினைப் போட்டால் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவார்.

மின்சாரக் கார் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 18 யூனிட் எடுக்கும், சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து. நிலக்கரியில் ஓடும் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. கி.மீ.க்கு 180 கிராம். புகையை டர்பனில் நிறுத்திவிட்டு நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கும் எம்புமலங்கா மாகாணத்தில் விடுகிறோம், அவ்வளவுதான்.

மின்கம்பி:
பிஸ்டன் அண்ணே, தராசில் ஒரு தட்டை மட்டும் நிரப்பிட்டீங்க. மின்சாரக் காருக்குக் கணக்குப் போடும்போது பவர் ஸ்டேஷன் வரைக்கும் போறீங்க, பெட்ரோலுக்கு மட்டும் டாங்க்கோட நிக்கிறீங்க. எண்ணெய் எடுத்து, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரிச்சு, லாரியில் அனுப்புற கணக்கு சுமார் 20 சதவீதம் கூடும். 4.3 என்பதும் பழைய என்.இ.டி.சி. சோதனை முறையின் எண். ஐரோப்பாவில் 2017லேயே அதை விட்டுட்டு டபிள்யூ.எல்.டி.பி.க்குப் போயாச்சு. ரோட்டில் 5 லிட்டர்னு வைங்க: 115 கிராம், மேல் செலவோட 140 பக்கம்.

அதுவும் கச்சா எண்ணெய்க் கணக்கு. கடலோரம் விட்டு உள்ளே ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் விற்கிற பெட்ரோலில் ஒரு பங்கு செகுண்டா ஆலையில் நிலக்கரியிலிருந்து காய்ச்சுறது. கிணற்றிலிருந்து சக்கரம் வரை பார்த்தா அதோட கார்பன் கச்சா எண்ணெய்ப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு. ஜோபர்க்கில் ஹைபிரிட் ஓட்டுறவரும் ஓரளவு நிலக்கரியைத்தான் ஓட்டுறார்.

இனி சோலார். லோட் ஷெட்டிங் மின்வெட்டுக் காலத்தில் எத்தனை கூரையில் தகடு ஏறிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தகடு செய்யும் கார்பனையும் சேர்த்தாலும் யூனிட்டுக்கு 50 கிராமுக்குள். 18 யூனிட்டுக்கு 900 கிராம், கி.மீ.க்கு 9. இதோட எந்த அட்கின்சன் போட்டி போடும்?

பிஸ்டன்:
பேட்டரி செய்யும் கார்பனை விட்டுவிட்டீர்கள். ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ. 60 யூனிட் பேட்டரிக்கு நடுவாக 80 வைத்தால் 4.8 டன். கார் ஷோரூமை விட்டு இறங்கும் முன்பே அந்தக் கடன் தலையில் இருக்கிறது. முழுக்க சோலாரில் ஓடினால் ஹைபிரிட்டைவிட கி.மீ.க்கு 130 கிராம் மிச்சம், 37,000 கி.மீ.யில் கடன் அடையும். அதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்காமில் மட்டும் ஓடினால் அடையவே அடையாது. பகலில் சோலார் பொங்கும்போது கார் வீட்டிலா நிற்கிறது? உம்ஷ்லாங்கா ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது. இரவில் வந்து செருகினால் அது நிலக்கரிதான்.

மின்கம்பி:
ஆபீஸ் பார்க்கிங்குக்கு மேலேயும் கூரை போடலாம் அண்ணே. அந்த வேலையைக் கம்பெனியும் செய்யலாம்: பகல் 10 மணிக்கு மேல் மட்டும் சார்ஜ் ஏறும்படி வண்டியிலேயே நேரம் வைக்கிற வசதியை முன்னிருப்பா கொடுத்தா போதும். இப்போ அது மெனுவுக்குள்ள நாலு தட்டு தட்டினாத்தான் வருது, யாரும் தொடுறதில்லை.

பக்கிராஜா:
ரெண்டு பேரும் காரைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க. ரோட்ல நிக்கிறது பக்கி, அதான் பிக்கப் வண்டி. டபுள் கேப், ஏணிச் சட்டம், 2.2 டன், 2.8 டீசல். அதுல கிராம் குறைக்காம கொரொல்லாவ எத்தன தடவ தேய்ச்சாலும் நாட்டுக் கணக்கு அசையாது.

காத்துலயே ஆரம்பிங்க. 120ல போற கார முன்னாடி இருந்து காத்து 440 நியூட்டன் தள்ளும். பக்கி உயரம், அகலம், பின்பக்கம் வெட்டின மாதிரி மொட்டையா இருக்கும். அது 800. 100 கி.மீ.க்கு 80 மெகாஜூல் காத்துக்கே போவுது. டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல், எஞ்சின் அதுல 38 சதவீதம் தருதுன்னு வச்சா, காத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 6 லிட்டர். இத வெட்ட பேட்டரி வேணாம். கிரில்லுக்குப் பின்னாடி தானா மூடுற தட்டி, முன் பம்பருக்குக் கீழ ஒரு உதடு, அடிவயித்துக்குத் தட்டு, பின் கதவு மேல சின்ன வளைவு. எல்லாமே பிளாஸ்டிக் அச்சு வேல.

கெடுறது எங்கன்னா அந்த அடித்தட்டுலதான். சர்வீஸ்காரன் ஆயில் மாத்த கழட்டுவான், பத்து கிளிப்புல நாலு உடையும், மீதி ஆறுல மாட்டுவான். ரெண்டு மாசத்துல முன் ஓரம் தொங்கிக் காத்த அள்ளும். அதுக்கப்புறம் தட்டு இல்லாம இருக்கிறதே மேல். கம்பெனி ஆயில் பில்டருக்கு நேரா ஒரு சின்னக் கதவு வச்சு, கிளிப்புக்குப் பதிலா கால் திருகு திருப்புற ஆணி போட்டா முடிஞ்சுது.

வெருலம் வாசகி:
பக்கிக்கு இப்போது 48 வோல்ட் ஹைபிரிட் வந்திருக்கிறதே? அது போதாதா?

பிஸ்டன்:
அதை ஹைபிரிட் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியில் போட்டிருப்பது பெல்ட்டில் ஓடும் 8.5 கிலோவாட் மோட்டார், 4.3 ஆம்பியர் மணி பேட்டரி, அதாவது 0.2 யூனிட். 2,200 கிலோ வண்டி 60 வேகத்தில் வந்து ரோபோ (சிக்னல்) சிவப்பில் நிற்கிறது. அதன் ஓட்டத்தில் இருந்தது 306 கிலோஜூல். 6 விநாடியில் நிறுத்தினால் 8.5 கிலோவாட்டால் பிடிக்க முடிந்தது 51 கிலோஜூல். ஆறில் ஒன்று. மீதி பிரேக் தட்டில் சூடாகப் போயிற்று. பேட்டரியில் இடம் இருக்கிறது, மோட்டாருக்குத்தான் வாய் சிறிது.

அது நன்றாகச் செய்வது ஒன்றே: எஞ்சினை அணைத்துக் குலுங்காமல் திரும்பக் கிளப்புவது. நகருக்குள் சில சதவீதம் மிச்சம். என்3 நெடுஞ்சாலையில் அனேகமாக ஒன்றுமில்லை.

மின்கம்பி:
அப்போ பெரிய மோட்டார், பெரிய பேட்டரி. சில்வர்ட்டனில் ஃபோர்டு ரேஞ்சர் பிளக்-இன், அதாவது வெளியே செருகி சார்ஜ் ஏத்துற ஹைபிரிட் கட்டுறாங்க, ராஸ்லினில் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3 பிளக்-இன். நாட்டுக்குள்ளேயே செய்யத் தெரியும்.

பக்கிராஜா:
செருகுனாத்தானே பிளக்-இன்! 2024ல ஐரோப்பிய ஆணையம் லட்சக்கணக்கான வண்டியோட எரிபொருள் மீட்டரப் படிச்சு அறிக்கை விட்டுச்சே. பிளக்-இன் வண்டிங்க சோதனைக்கூட எண்ணப் போல மூணரை மடங்கு கார்பன் விட்டிருக்கு. சாதா பெட்ரோல், டீசல்ல வித்தியாசம் 20 சதவீதம்தான். செருகாத பிளக்-இன் எப்பவும் ஒரு மூட்டை சுமக்கிற வண்டி.

மின்கம்பி:
அது ஓட்டுனர் குத்தம் மட்டும் இல்லை, கம்பெனி வண்டிக்கு எரிபொருள் கார்டு இலவசமா கொடுத்து, வீட்டு மின்சாரத்துக்குக் காசு கொடுக்காத முதலாளி குத்தமும். இனி பிஸ்டன் அண்ணன் சொன்ன மேட்டுக் கதைக்கு வர்றேன். டர்பனிலிருந்து ஜோபர்க் 1,700 மீட்டர் ஏற்றம். 1,500 கிலோ காரைத் தூக்க 25 மெகாஜூல், கிட்டத்தட்ட 7 யூனிட். பெட்ரோலில் 2 லிட்டருக்கு மேல். திரும்பி இறங்கும்போது ஹைபிரிட்டோட சின்ன பேட்டரியில் அரை யூனிட்தான் இடம். டவுன் ஹில் மாதிரி செங்குத்து இறக்கத்தில் ஐந்தாறு கி.மீ.யில் நிரம்பிடும், அப்புறம் எஞ்சின் சும்மா சுத்தி பிரேக் பிடிக்கும். மின்சாரக் கார் அத்தனையையும் வாங்கிக்கும்.

பிஸ்டன்:
அது சரியான புள்ளி. ஆனால் மேட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை வெளிநாட்டு ஆய்வை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் யாரும் தொடுவதில்லை. ஜோபர்க்கில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 17 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு சக்தியை இழக்கும். 72 கிலோவாட் அங்கே 60. ஆனால் காற்றின் அடர்த்தியும் குறைவதால் 120ல் எதிர்க்கும் விசையும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு, அதே வேகத்துக்கு ஆக்சிலரேட்டரை அதிகம் திறக்க வேண்டியிருப்பதால் எஞ்சின் காற்றை உறிஞ்சப் படும் பாடும் குறையும். சமவெளியில் ஒரே வேகத்தில் போனால் ஜோபர்க்கில் டர்பனைவிடக் குறைவாகவே குடிக்கும்.

சின்ன டர்போ எஞ்சின்களில்தான் வம்பு. டர்போ காற்றை அடைத்துவிடுவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பது போலவே இருக்கும். ஜோபர்க் மாதிரி உயரமான பகுதியில் 93 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்பது டர்போ இல்லாத எஞ்சினுக்கான பேச்சு. டர்போவில் 93 போட்டால் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டல் வருகிறது, கணினி தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சூடு ஏறும், சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். சோதனைக்கூடத்தில் 5 லிட்டர் காட்டிய 1.0 மூன்று சிலிண்டர், நாலு பேர், ஏசி, வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் 9ஐத் தொடுவது அப்படித்தான்.

இன்னும் இரண்டு நோய். குறைந்த சுற்றில் முழு இழுவை கேட்டால் எண்ணெய்த் துளியே தானாகத் தீப்பிடித்து பிஸ்டன் வளையத்தை உடைக்கும். எண்ணெயில் கால்சியம் சோப்பைக் குறைத்து மக்னீசியம் சேர்த்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் 2020ல் வந்தது. அதற்குக் கீழே ஊற்றக் கூடாது. மற்றது, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சினில் உறிஞ்சு வால்வைக் கழுவ எதுவும் இல்லை, கரி கட்டி மூச்சடைக்கும். உறிஞ்சு குழாயில் ஒரு பீச்சியும் சிலிண்டரில் ஒரு பீச்சியும் வைத்தால் தீரும். செலவு என்று பல கம்பெனி வைப்பதில்லை.

வெருலம் வாசகி:
மெலிந்த எண்ணெய் என்று சொல்கிறார்களே, அதில் உண்மையில் மிச்சம் உண்டா?

பிஸ்டன்:
உண்டு, இரண்டு மூன்று சதவீதம். 0டபிள்யூ-16 கேட்கும் எஞ்சினில் மூலைக்கடை 20டபிள்யூ-50 ஊற்றினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வால்வு நேரத்தை மாற்றும் பொறியும் திணறும்.

பக்கிராஜா:
டயரு யாரும் பேசல. உருளு தடை 0.010 இருக்கிற டயர எடுத்துட்டு 0.007 போட்டா 1,400 கிலோ கார்ல 41 நியூட்டன் குறையும். 100 கி.மீ.க்கு 0.4 லிட்டர், அதாவது கி.மீ.க்கு 10 கிராம். வெறும் டயர்ல இவ்வளவு! ரப்பர்ல கரிப்பொடியக் குறைச்சு சிலிக்கா கலந்தா மழையில பிடிப்பும் போகாது. கோளாறு 50,000 கி.மீ.க்கு அப்புறம். முதல் செட்டு தேஞ்சதும் ஜனங்க மலிவு டயரு வாங்குவாங்க, 10 கிராம் போச்சு. கம்பெனி அதே டயர பாகங்கள் கவுண்டர்ல நியாய விலைக்கு வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு டீசல் புகையில கரியப் பிடிக்கிற வடிகட்டி, அதான் டி.பி.எஃப். மியர்பேங்க்ல இருந்து இசிப்பிங்கோ போயி வர்ற வண்டிக்கு அது சூடாகவே சூடாகாது. கரிய எரிக்க 600 டிகிரி வேணும், 15, 20 நிமிசம் நிக்காம ஓடணும். நடுவுல நிறுத்துனா, எரிக்கன்னு கடைசியா பீச்சின டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு எண்ணெய்ல கலக்கும். டிப்ஸ்டிக்ல அளவு ஏறும், ஜனங்க சந்தோசப்படுவாங்க! அதுக்கு மேல கிராமத்துப் பம்புல 500 பி.பி.எம். கந்தக டீசல். சாம்பல் எரியாது, சேர்ந்துட்டே போவும். அடைச்ச வடிகட்டிய வச்சு ஓட்டுனா எஞ்சினுக்கு மூச்சு முட்டி டீசல் கூடக் குடிக்கும்.

மின்கம்பி:
இதையெல்லாம் கம்பெனி தானா செய்யாது. நாட்டின் கட்டாயப் புகை அளவு இன்னும் பழைய யூரோ 2 தான்.

வெருலம் வாசகி:
கார்பன் வரி இருக்கிறதே?

பிஸ்டன்:
2010 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. 2024 ஏப்ரலில் வைத்த விகிதம்: காருக்கு 95 கிராமுக்கு மேல் கிராமுக்கு 146 ராண்ட், டபுள் கேப்புக்கு 175க்கு மேல் 195 ராண்ட். 205 கிராம் பக்கிக்கு 30 கிராம் மீறல், 5,850 ராண்ட். ஏழு லட்ச ராண்ட் வண்டியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. பின் கதவு கவர் அதைவிட விலை. எந்தப் பொறியாளரும் அந்தக் காசுக்கு அச்சை மாற்றப் போவதில்லை.

மின்கம்பி:
ஐரோப்பாவிலிருந்து வர்ற மின்சாரக் காருக்கு 25 சதவீத இறக்குமதி வரி, பெட்ரோல் காருக்கு 18. பக்கிக்கு 1 சதவீதம் வலிக்கலை, சரி. பேட்டரிக் காருக்கு இந்த 7 சதவீதம் வலிக்காதா?

பக்கிராஜா:
எந்த மின்சாரப் பக்கி 3.5 டன் இழுத்துட்டு ஹாரிஸ்மித் வரைக்கும் நிக்காம போவும், அத முதல்ல சொல்லுங்க தம்பி. அப்புறம் வரியப் பேசலாம்.

மின்கம்பி:
நிக்காம எதுவும் போகாது. 3.5 டன் சுமையை எத்தனை பேர், எத்தனை நாள் இழுக்கிறாங்க? மீதி நாளெல்லாம் அதே 2.2 டன் வண்டி ஒரு ஆளை ஏத்திக்கிட்டு சாட்ஸ்வொர்த் சந்தைக்குப் போகுது.