பனிப்புயலுக்கு மறுநாள்: ஃபர்னஸ் நின்று நின்று ஓடுகிறது, என்ன செய்வது?

புதுக்குடித்தனம், ஸ்கார்பரோ:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவில், டொரன்டோப் பக்கம், நேற்று மாலை பிடித்த பனி விடியற்காலையில்தான் விட்டது. பள்ளிக்கூடம் லீவு, கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். நான் தென்காசிப் பக்கத்துக்காரி, முழங்கால் உயரத்துக்குப் பனி கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான் கவலையாக இருக்கிறது. ஓட ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, மறுபடி ஓடப் பார்க்கிறது. தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்திருந்தும் வீட்டுக்குள் 17க்கு இறங்கிவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டவர் போனை எடுக்கவில்லை. பக்கவாட்டுச் சுவரில் தரைக்குச் சற்று மேலே இரண்டு வெள்ளைக் குழாய்கள் இருந்தன, இப்போது அந்த இடமே தெரியாமல் பனி மேடாகிவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

அப்புறம், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் “மண்வெட்டி பிடித்த கை இது, நான் அள்ளிவிடுகிறேன்” என்று ஷவலோடு வாசலில் நிற்கிறார். வயது 64, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். விடலாமா?

மார்க்கம் ரோட் அண்ணா:

தங்கச்சி, இதை வாசித்த உடனே அந்த இரண்டு குழாயையும் தோண்டி வெளியே எடுங்கோ, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். இரும்பு ஷவலால் குத்த வேண்டாம், குளிரில் அந்தப் பிளாஸ்டிக் சட்டென்று உடைந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு கையாலோ விளக்குமாறாலோ தள்ளுங்கோ. காஸ் மீட்டர் பக்கத்தில் இருந்தால் அதையும் அப்படியே துடைத்து விடுங்கோ. குழாயைச் சுற்றி ஒரு முழத்துக்காவது வெளி இருக்க வேண்டும், காற்றடித்தால் திரும்ப மூடிவிடும், அதனால் பின்னேரம் இன்னொரு தரம் போய்ப் பாருங்கோ.

வீட்டில் கார்பன் மோனாக்சைடு (எரிபுகையில் வரும் விஷவாயு) அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமர்த்திப் பாருங்கோ. நம் ஒன்டாரியோ மாகாணத்தில் காஸ் ஃபர்னஸ் உள்ள வீட்டுக்கு அது 2014 அக்டோபரிலிருந்து கட்டாயம், வாடகை வீடென்றால் பொருத்தித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பிராம்ப்டன், ஹீட்டிங் வேலை:

அண்ணா சொன்னது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புயலுக்கு மறுநாள் எங்களுக்கு வரும் அழைப்புகளில் இது அடிக்கடி வருவது. இப்போதைய ஃபர்னஸ்களின் புகை பெரும்பாலும் கூரை வழியாகப் போவதில்லை. சுவரில் உள்ள ஒரு குழாய் எரிவதற்கான காற்றை இழுக்கிறது, இன்னொன்று புகையை வெளியே தள்ளுகிறது. இரண்டில் எது அடைத்தாலும் உள்ளே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் அதை உணர்ந்து நெருப்பை அணைத்துவிடும். சற்று நேரம் கழித்து ஃபர்னஸ் தானாகவே மறுபடி முயலும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான். ஃபர்னஸ் முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடித் துளை வழியே ஒரு விளக்கு மின்னுவது தெரியும். எத்தனை தடவை மின்னினால் என்ன கோளாறு என்ற பட்டியல் அநேகமாகக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும்.

குழாயைச் சுத்தம் செய்த பிறகு ஃபர்னஸ் பக்கத்தில் உள்ள ஸ்விட்சை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், ஆகாவிட்டால் ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். அதுவரை குளிருக்காக காஸ் அடுப்பைப் பற்ற வைத்து உட்காராதீர்கள், பார்பிக்யூவை உள்ளே கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். அலாரம் அடித்தாலும் அதையே செய்யுங்கள்.

பஃபலோ அக்கா:

மாமனாரை விடாதீர்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நான் அமெரிக்கப் பக்கம், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறேன். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துப் புயலில் எங்கள் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காரில் சிக்கியவர்களும் வீட்டில் சூடில்லாமல் போனவர்களும் மட்டுமல்ல, பனி அள்ளும்போது இதயம் நின்று போனவர்களும் அதில் இருந்தார்கள்.

மண்வெட்டி பழக்கம் இதற்கு உதவாது. குளிர் பட்டதும் ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறுகிறது, அதோடு மூச்சை அடக்கிக்கொண்டு கையால் பாரம் தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. அந்தப் பாரமும் கொஞ்சமல்ல. 10 செ.மீ. புதுப்பனி ஏறத்தாழ 1 செ.மீ. தண்ணீருக்குச் சமம், அப்படிப் பார்த்தால் 5 மீட்டருக்கு 6 மீட்டர், கார் நிறுத்தும் டிரைவ்வேயில் 30 செ.மீ. கிடந்தால் 900 கிலோ. அவருக்கு ஓஹிப் கார்டும் (ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடு) இருக்காது, ஆஸ்பத்திரிச் செலவையும் யோசியுங்கள்.

கணவர் அள்ளட்டும், தூக்கி வீசாமல் முடிந்தவரை தள்ளிக்கொண்டே போகட்டும். காரை எடுக்கும் அவசரம் இல்லையென்றால் ரோட்டுப் பனியை ஒதுக்கும் பிளவ் வண்டி வந்து போகும் வரை வாசல் முனையை விட்டுவிடுங்கள். அது ஒதுக்கிவிட்டுப் போகும் வரப்புதான் எல்லாவற்றிலும் கனம், இரண்டு தடவை அள்ளுவானேன்? நெஞ்சு இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, மூச்சுத் திணறல் என்றால் ஷவலைப் போட்டுவிட்டு உடனே 911.

புதுக்குடித்தனம், ஸ்கார்பரோ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி! புகைக் குழாயின் வாய் பனிக்கட்டியாகவே இறுகியிருந்தது, கணவர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைத்தார். இப்போது ஃபர்னஸ் நிற்காமல் ஓடுகிறது, 19க்கு ஏறிவிட்டது. அலாரமும் வேலை செய்கிறது. மாமனாரிடம் அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், 900 கிலோ என்றதும் ஷவலைக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பனி மனிதன் செய்யப் பார்க்கிறார்கள், மணல் மாதிரி உதிர்கிறதே?

மார்க்கம் ரோட் அண்ணா:

நல்லது தங்கச்சி. குளிர் கூடினால் பனி ஒட்டாது, சுழியத்துக்குக் கிட்ட வந்தால்தான் கொஞ்சம் ஈரம் பிடித்து உருளும். நாளை மத்தியானம் குளிர் குறையும் என்கிறார்கள், அப்போது செய்யச் சொல்லுங்கோ. ரோட்டோர மேட்டில் குகை மட்டும் தோண்ட விடாதீங்கோ, பிளவ் ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது.