கார்டைத் தொட்டால் உள்ளே இருக்கும் பிளஸும் மின்னுகிறது, அவசரம்

கட்டபெட்டு_தம்பி: பச்சைத் தேயிலை எடை பதிகிற ஆப். ஸ்கிரீனில் ஆளுக்கு ஒரு கார்டு. கார்டைத் தொட்டால் பெயர் தேர்வாகும், உள்ளே இருக்கும் பிளஸை அழுத்தினால் தராசில் உள்ள எடை கணக்கில் ஏறும். கார்டைத் தொட்டாலே பிளஸும் கரும்பச்சையாகிறது. எடை ஏறிவிட்டது என்று நினைத்து அடுத்த மூட்டையை வைத்துவிடுகிறார்கள். நேற்று ஒரு அக்காவின் 18 கிலோ அப்படித்தான் போனது. நாளைக் காலைக்குள் சரிசெய்ய வேண்டும்.

ஊட்டி_நைட்ஷிஃப்ட்: எதில் எழுதியது? ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?

சாரல்: ஸ்கிரீனில் ஈரம். கோத்தகிரி மழையில் என் போன் தானாகவே மச்சானுக்கு டயல் செய்கிறது.

கட்டபெட்டு_தம்பி: ஆன்ட்ராய்டு சார். வெயிலிலும் வருகிறது.

ஊட்டி_நைட்ஷிஃப்ட்: ஸ்கிரீனை வரைந்தது எக்ஸ்எம்எல்லா, கம்போஸா? தொடுவதைக் கவனிக்க பிளஸுக்கு என்ன லிசனர்?

குன்னூர்_பெருசு: முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள் தம்பி. வெளியே இருப்பதன் நிலையை உள்ளே இருப்பதும் காட்டுகிற டூப்ளிகேட் பேரன்ட் ஸ்டேட் போட்டிருப்பீர்கள், எடுங்கள். இதைப் பத்து தடவை சொல்லியாயிற்று.

கட்டபெட்டு_தம்பி: அது போடவே இல்லை அண்ணா. எக்ஸ்எம்எல்தான். பிளஸ் ஒரு இமேஜ் வியூ. கிளிக் லிசனர் போட்டபோது நிறம் மாறத் தாமதமானது, அதனால் விரல் பட்டதுமே ஓடும் செட் ஆன் டச் லிசனர் வைத்தேன்.

ஊட்டி_நைட்ஷிஃப்ட்: அங்கேதான் சிக்கல். கார்டுதான் அப்பன், பிளஸ் பிள்ளை. அப்பன் அழுத்தப்பட்டால் வியூ குரூப், அதாவது பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கும் வியூ, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லும். கிளிக்கபிள் (தனியாக அழுத்தக்கூடியது), லாங் கிளிக்கபிள் ஆன பிள்ளையை மட்டும் விட்டுவிடும். டச் லிசனர் வைத்தால் வியூ கிளிக்கபிள் ஆகாது, செட் ஆன் கிளிக் லிசனர் வைத்தால் தானாக ஆகிவிடும். அதற்கே மாறுங்கள். அந்தத் தாமதம், லிஸ்டை உருட்டப் போகிறீர்களா என்று பார்க்கக் காத்திருக்கும் 100 மில்லிசெகண்ட். அது நிறத்துக்குத்தான், கிளிக்குக்கு இல்லை. பிளஸ் 48 டிபிக்கு (ஆன்ட்ராய்டில் ஸ்கிரீன் அளவுக்கான அலகு) குறையாமல் இருக்கட்டும், குளிரில் விரல் மரத்துப்போகும்.

குன்னூர்_பெருசு: நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

சாரல்: கிட்டத்தட்டவா! அது இருக்கட்டும், ஆப் வந்தாலும் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பது நிற்கிறதா?

குன்னூர்_பெருசு: சொட்டச் சொட்டக் கொண்டுவந்தால் தண்ணீருக்கா காசு கொடுப்பார்கள்?

சாரல்: மழைக்குச் சரி. வெறும் மூடுபனிக்கும் அதே கழிவா? இலையைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் நோட்டுதான், அதில் எதுவும் மின்னாது.

குன்னூர்_பெருசு: நோட்டில் 8-ஐ 3 என்று படித்த கதை எனக்கும் தெரியும்.

கட்டபெட்டு_தம்பி: மின்னுவது நின்றது. நன்றி அண்ணா. கரன்ட் இல்லை, போனில் 4 சதவீதம்தான்.

ஊட்டி_நைட்ஷிஃப்ட்: டச் லிசனரை எடுத்துவிட்டீர்கள்தானே? அது ட்ரூ, அதாவது ‘தொடுதலை நானே முடித்துவிட்டேன்’ என்று திருப்பினால் கிளிக் வரவே வராது. ஃபால்ஸ் திருப்பினால் இரண்டும் ஓடி ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறும்.

ஊட்டி_நைட்ஷிஃப்ட்: தம்பி?

சாரல்: அக்காவுக்கு 36 கிலோ. விடுங்கள், நேற்றைய கணக்கு நேராகிவிட்டது.