பிள்ளை கே வி மேலேயா, பிள்ளை கமலா மேலேயா?

பட்டியல்காரன்:
நம் டர்பன் சபை உறுப்பினர் பட்டியலின் மாதிரிப் படி குழுவில் வந்திருக்கிறது. அட்டையிலேயே "டெலிபோன் புக் முறைப்படி அடுக்கியது" என்று பெருமை. உள்ளே குடும்பப் பெயர் முன்னால், மற்றது பின்னால்; பிள்ளை கமலாவுக்குக் கீழே பிள்ளை கே வி நிற்கிறார். எந்த நாட்டு டெலிபோன் புக்கில் இப்படி இருக்கிறது என்று அடுக்கிய மகராசன் சொல்லட்டும்.

பீனிக்ஸ் வாசு:
அடுக்கிய மகராசன் நான்தான். ஆங்கில எழுத்தில் பாருங்கள். கமலாவில் கே-க்குப் பிறகு ஏ. மற்றவருக்கு கே-க்குப் பிறகு வி. ஏ முன்னால், வி பின்னால். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

பட்டியல்காரன்:
ஒன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் அப்படித்தான் தெரியும் தம்பி. கே ஒரு சொல், வி இன்னொரு சொல். டெலிபோன் புக்கில் சொல் சொல்லாக ஒப்பிடுவார்கள். முதல் சொல் பிள்ளை, இருவருக்கும் ஒன்று. இரண்டாம் சொல் ஒருவருக்கு கே, இன்னொருவருக்கு கமலா. கே அங்கேயே முடிந்துவிட்டது. முடிந்தது முன்னால், நீள்வது பின்னால். வி வரைக்கும் போகவே வேண்டாம். கே வி மேலே, கமலா கீழே.

பீனிக்ஸ் வாசு:
இடைவெளியை விட்டுவிட்டு எழுத்து எழுத்தாக அடுக்கும் முறையும் உண்டு. அகராதிகள் பல அப்படித்தான்.

பட்டியல்காரன்:
அட்டையில் அகராதி என்றா போட்டிருக்கிறீர்கள்? ஆங்கில எழுத்தில் உங்கள் முறையில் வாண்டையார் மேலே வருவார், ஆப்பிரிக்கானர் பெயரான வான் டெர் மெர்வ கீழே போவார். சொல் முறையில் வான் என்பது தனிச் சொல், அதனால் வான் டெர் ஆட்கள் எல்லாரும் முடிந்த பிறகுதான் வாண்டையார்.

லேடிஸ்மித் ரெட்டி:
வான் டெர் மெர்வயை ஹாலந்தில் மெர்வ என்று எம் எழுத்தில் தேட வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில்தான் வி எழுத்தில் வைக்கிறோம். ஆக "எந்த நாட்டு" என்று கேட்பதே தப்பு. நாட்டுக்கு நாடு மாறும்.

பட்டியல்காரன்:
ரெட்டி அண்ணே, சபையில் எத்தனை வான் டெர் மெர்வ உறுப்பினர்? பேச்சு கே வி பற்றி.

மெரிபேங்க் அக்கா:
கே வி, கே வி என்று இருபது தடவை எழுதுங்கள். கமலா அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறதே, அதுவே பெரிது. டெலிபோன் புக்கில் இருந்தது வீட்டில் உள்ளவர்கள் பெயரா? லைன் யார் பெயரிலோ அவர் பெயர் மட்டும். புருஷன் போன பிறகும் லைனைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்காவிட்டால் அவர் இனிஷியலே வருஷா வருஷம் அச்சாகி வந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள் வரவில்லை. செல் நம்பர் தானாக ஏறியதில்லை. அந்த முறையை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

டோங்காட் சிவா:
அக்கா சொல்வது இருக்கட்டும், போப்பியா சட்டம், அதுதான் நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதன் 70-ஆம் பிரிவு யாருக்காவது நினைவிருக்கிறதா? பெயர் போடுமுன் காசு வாங்காமல் தெரிவிக்க வேண்டும், மறுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 2021 ஜூலைக்குப் பிறகு விளையாட முடியாது.

பட்டியல்காரன்:
70-ஆம் பிரிவு டெலிபோன் வாடிக்கையாளர் கையேட்டுக்கு. சபைப் பட்டியலுக்குப் பொதுவான சம்மத விதிகள் போதும்: படிவத்தில் ஒரு கட்டம், கையெழுத்து, எதற்காக என்று ஒரு வரி. சட்டத்தைப் பாதி படித்துவிட்டு மிரட்டாதீர்கள். காவடித் துண்டறிக்கையில் தேதியைத் தப்பாகப் போட்டவர் நீங்கள்தானே?

டோங்காட் சிவா:
அது அச்சகத்தின் தப்பு. எத்தனை தடவை சொல்வது?

பீனிக்ஸ் வாசு:
நான் கையால் அடுக்கவில்லை. எக்செல் அடுக்கியது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?

பட்டியல்காரன்:
இப்போது பிடிபட்டது! இரண்டு இனிஷியலையும் ஒட்டி அடித்திருக்கிறீர்கள். நடுவில் இடைவெளி விட்டிருந்தால் எக்செலும் என் பக்கம். அதற்கு இடைவெளி எழுத்துக்கு முன்னால், புள்ளியும் எழுத்துக்கு முன்னால். ஒட்டி அடித்தால் மட்டும் வி போய் ஏ-யோடு மோதும். ஒருவருக்கு இடைவெளி, ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்கு ஒட்டு என்றிருந்தால் ஒரே பிள்ளை குடும்பம் மூன்று இடத்தில் சிதறும். குடும்பப் பெயருக்கு ஒரு பத்தி, மற்றதற்கு ஒரு பத்தி, இனிஷியலுக்கு நடுவில் ஒரே ஓர் இடைவெளி, கடைசியில் ஒட்டிய வெற்றிடத்தை நீக்கு, பிறகு அடுக்கு.

இன்னொன்று. நம்பர் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றவில்லை. டர்பன் கோடு 031-இன் பூஜ்யம் விழுந்து 31 ஆகிவிட்டது. 2007 முதல் உள்ளூருக்கே பத்து இலக்கமும் அடிக்க வேண்டும். ஒன்பது இலக்கத்தை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது?

மெரிபேங்க் அக்கா:
ஒரே குடும்பப் பெயர், மூட்லி ஒரு பக்கம், முதலி ஒரு பக்கம். ஆங்கில எழுத்தில் ஓவும் யூவும் மாறியதால் நடுவில் மூசா, ம்சோமி, ம்தெம்பு என்று போகிறது. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பதிந்திருக்கிறார்கள். "முதலியையும் பார்க்க" என்று ஒரு வரி போட்டால் என்ன?

லேடிஸ்மித் ரெட்டி:
நாயுடுவுக்கும் அப்படியே போட வேண்டும்.

பட்டியல்காரன்:
நாயுடு இரண்டு கூட்டலிலும் அடுத்தடுத்தே வரும், அங்கே வேண்டாம். மூட்லிக்குப் போடலாம். ஆனால் முதலில் கே வி மேலே ஏற வேண்டும். பெயரும் ஒன்றாக இருந்தால் முகவரி பார்த்து அடுக்க வேண்டும். வீட்டு எண்ணை எழுத்தாக அடுக்கினால் 12 வந்த பிறகுதான் 5 வரும். 05 என்று அடியுங்கள், அல்லது வீட்டு எண்ணைத் தனிப் பத்தியில் எண்ணாகவே வையுங்கள்.

பீனிக்ஸ் வாசு:
இவ்வளவு தெரிந்தவர் கூட்டத்தில் பொறுப்பு எடுத்திருக்கலாமே. ஆள் கேட்டபோது எல்லாரும் சுவரைப் பார்த்தீர்கள்.

பட்டியல்காரன்:
பொறுப்பு வேறு, வரிசை வேறு. கே வி மேலே.

பீனிக்ஸ் வாசு:
அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று. கமலா மேலே.

டோங்காட் சிவா:
அதே அச்சகமா?

பட்டியல்காரன்:
எந்தக் கோப்பைக் கொடுத்தீர்கள்? பூஜ்யம் விழுந்ததையா?